அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வாங்காதீர்கள்

ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளை ஹொக்கிக்குக் கொண்டுபோகும் பெற்றோரே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். இலையுதிர்காலம் வந்துவிட்டால் அரீனாவின் வாங்கில் இருந்து நாம் கதைப்பதெல்லாம் ஸ்கேட் மொடல்களின் பெயர்கள்தான். உங்கள் மகனுக்கு பௌவர் வேப்பரா, சுப்ரீமா? இன்னாருடைய மகள் சிசிஎம் ஜெட்ஸ்பீட் போடுகிறாளாமே? இவ்வளவையும் அலசத் தெரிந்த நமக்கு, சொந்தப் பிள்ளையின் குதிக்கால் ஒடுக்கமா அகலமா என்று தெரியாது. சிலர் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுகூட இல்லை. சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்லி, "வளருகிற பிள்ளை, ரெண்டு அளவு கூட்டித் தாங்கோ" என்கிறார்கள்.

ஹொக்கி ஸ்கேட்டின் இலக்கமும் சப்பாத்தின் இலக்கமும் ஒன்றல்ல. ஐந்தாம் இலக்கச் சப்பாத்துப் போடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்றரை அல்லது நாலு ஸ்கேட்தான் சரிவரும். நீங்கள் கூட்டிக் கேட்ட இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கால் மூன்று இலக்கம் பெரிய பெட்டிக்குள் கிடந்து ஆடுகிறது. ஊரில் பாவாடைக் கரையை உள்ளே மடித்துத் தைத்து, வருஷா வருஷம் இறக்கிப் போட்டோம். ஸ்கேட்டில் இறக்குவதற்கு மடிப்பு ஏது? குதி மேலெழும்பும், தோல் உரியும், கணுக்கால் உட்பக்கம் சாயும். பிடிப்புக்காகப் பிள்ளை நாடாவை இறுக்கி இழுத்துக் கட்டும், பாதத்தின் மேல்பக்கம் நோகும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோப்பியோடு நின்று "காலை நேராக வை!" என்று கத்துவதும் நாம்தான். பிறகு, "இவனுக்குக் கணுக்கால் பலமில்லை" என்று பழியையும் அந்தக் காலின்மேல்தான் போடுகிறோம்.

வளர்ச்சிக்கென்று இடம் விடத்தான் வேண்டுமா? அரை இலக்கம் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நாடா கட்டாமல் காலை முன்னே தள்ளச் சொல்லுங்கள். குதிக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் போகலாம், இரண்டு போனால் திருப்பிக் கொடுங்கள். பிறகு விளையாட்டில் போடுகிற அதே மெல்லிய சொக்ஸோடு குதியைப் பின்னால் தட்டி நாடாவைக் கட்டி எழும்பி நிற்கட்டும். நேராக நிற்கும்போது கால்விரல் முனை ஸ்கேட்டின் மூக்கில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடித்தால் விரல்கள் சற்றே பின்வாங்கும். மடித்த பிறகும் விரல்கள் நெரிபட்டால் அது சின்னது.

அடுத்தது ஆழம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. நாடாவைத் தளர்த்தி, மேலிருந்து மூன்றாவது துளைச் சோடியின் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இரு ஓரத்திலும் படியாமல் பாதத்தில் முட்டி நின்றால், அந்த ஸ்கேட் அந்தக் காலுக்கு ஆழம் போதாது. இலக்கம் சரியாக இருந்தாலும் வேண்டாம்.

1899இல் சைக்கிள் கம்பனியாகத் தொடங்கிய சிசிஎம்முக்கும், 1927இல் கிச்சினரில் தொடங்கிய பௌவருக்கும் எல்லாக் காலும் ஒன்றல்ல என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் பௌவர் ஃபிட் 1, 2, 3 என்றும், சிசிஎம் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்றும் மூன்று வடிவங்களில் ஸ்கேட் செய்கின்றன. மலிவான மொடல்களில் மூன்றும் கிடைக்காமல் போகலாம், கேட்டுப் பாருங்கள். வேப்பரா சுப்ரீமா என்ற வழக்கைப் பிறகு பேசலாம். முதலில் கேட்க வேண்டியது இந்த மூன்றில் எது என்பதைத்தான்.

இனி விலை. பெரியவர்களுக்கான உச்ச மொடல் ஆயிரம் டொலரைத் தாண்டும். அந்தக் காசில் ஒரு பங்கு விறைப்புக்குப் போகிறது. பாரமான, வேகமான ஆட்டக்காரர் அழுத்தும்போது வளைந்து கொடுக்காத விறைப்பு அது. முப்பது கிலோப் பிள்ளையின் காலில் அப்படி விறைப்பான மொடலைப் பூட்டினால் கணுக்கால் முன்பக்கம் மடியாது, கணுக்கால் மடியாமல் முழங்கால் எப்படி மடியும்? நடு விலை மொடல் தாராளமாகப் போதும். மிஞ்சுகிற காசைக் ஸ்கேட்டின் அடியில் கழற்றி மாற்றக்கூடிய இரும்புக்குக் கொடுங்கள், கழுத்துக் காப்புக்குக் கொடுங்கள். புது ஸ்கேட்டின் இரும்பு பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படியே ஐஸில் இறக்கிவிட்டு, பிள்ளை வழுக்குகிறதே என்று வியப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

பழைய ஸ்கேட் வாங்குவதில் வெட்கமே வேண்டாம், வளரும் காலுக்கு அதுதான் புத்தி. கணுக்கால் பகுதியை இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். சுலபமாக உள்ளே மடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சூட்டில் இளகும் வகையாக இருந்தால், கடைக்காரர் தன் சின்ன ஓவனில் சில நிமிடம் வைத்து உங்கள் பிள்ளையின் காலுக்குப் படியவைப்பார். அதன்பிறகு ஒரு நாளாவது ஐஸில் இறங்கக் கூடாது.

கடையில் பிள்ளையைக் கால் மணி நேரமாவது ஸ்கேட்டோடேயே நிற்க விடுங்கள். "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள். பளபளப்பான ஸ்கேட் கைநழுவிப் போய்விடுமே என்று எந்தப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். "எங்கே நோகுது, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள்.