ஜனாஸாவுக்குக் கேட்ட விஞ்ஞானம் தடுப்பூசிக்கும் வேண்டும்

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்றார்கள். அடக்கமும் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டியிருந்தது. நாம் சலுகை கேட்கவில்லை, ஆதாரம் கேட்டோம். 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தபோது 270க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டிருந்தன. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்தான்.

அன்று நம் பக்கம் நின்றது வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் சாதாரண பாடம். வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். உடலின் கலங்கள் இறந்துவிட்டால் அது பெருக வழியில்லை.

ஹட்டன் பகுதியில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு உள்ள கவலை இதுதான்: அதே பாடத்தின் அடுத்த பக்கம் தடுப்பூசி. அதை நம்மில் சிலர் வட்சப் குரல்பதிவுகளை நம்பி ஒதுக்குகிறார்கள்.

சின்னமுத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை அதை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. 2023இல் அது மீண்டும் பரவியது. நோயாளி வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை இந்த வைரஸ் அறையின் காற்றில் இருக்கும். நிர்ப்பீடனம் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக லயன் அறைகள் நிற்கும் நமது தோட்டங்களில் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

கிருமி ஒன்றை முதன்முறை சந்திக்கும் உடல், அதற்குரிய பிறபொருளெதிரியை உருவாக்கப் பல நாட்கள் எடுக்கும். பிறகு ஞாபகக் கலங்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை பதில் உடனே வரும். வலுக்குறைத்த கிருமியைக் கொண்டு, நோய் வராமலே அந்த நினைவைத் தருவதே எம்எம்ஆர் தடுப்பூசி. சின்னமுத்தோ அந்த நினைவையே அழிக்கிறது. நெதர்லாந்தில் மதக் காரணத்தால் தடுப்பூசி போடாத சமூகமொன்றின் பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், சின்னமுத்து வந்தபின் அவர்கள் மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இல்லாமற் போயிருந்தது.

எம்எம்ஆரால் ஆட்டிசம் வரும் என்ற கதை 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரையை இதழே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. ஜெலட்டின் பற்றிய ஹலால் கேள்வி நியாயமானது. 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க, மருத்துவ அறிஞர்கள், மூலப்பொருள் முற்றாக மாற்றமடைந்தால் அது ஆகுமானது என்றனர். சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்கலாம். முகம் தெரியாத குரலிடம் அல்ல.

நம் நாட்டில் எம்எம்ஆர் ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்குக் காப்பு, சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசிதான். அதற்கு நூற்றுக்கு 95 பேராவது போட்டிருக்க வேண்டும். டவுனில் நம் பிள்ளைக்கு ஊசி தவறினால், அவன் பக்கத்து மேசையில் அமரும் தோட்டத்துப் பிள்ளை வழியாக லயத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரலாம்.

நம் மையித்துகளுக்காக ஆதாரம் கேட்டது சரியே. உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்காக அதே ஆதாரத்தை ஏற்பதும் நம் கடமை. இந்த வாரமே பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசவைத்தால், குரல்பதிவுகளைவிட அது தூரம் செல்லும்.