எந்தச் சந்தையில் விற்பது?

எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி நிற்கிறது. ஆறடி உயரக் கம்பிவலை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிளுவையே போதும் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் இது. அந்தக் கம்பிவலை 2011இல் ஈமுவுக்காகப் போட்டது. துருவேறிப் பாதி சாய்ந்துவிட்டது. பிடுங்கிப் போடச் சொல்லி வீட்டில் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை.

காங்கேயத்தைச் சுற்றி அந்த இரண்டு மூன்று வருடம் யாரைப் பார்த்தாலும் ஈமு பேச்சுத்தான். பெருந்துறையில் சுசி ஈமு ஃபார்ம்ஸ் கொடிகட்டிப் பறந்த காலம். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு கொடுப்பார்கள். தீவனமும் மருந்தும் அவர்களே தருவார்கள். வளர்ப்புக்கூலியாக மாதம் ஆறாயிரம், வருடத்துக்கு இருபதாயிரம் போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணம் முழுசாகத் திரும்ப வரும். கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 92,000 ரூபாய். எந்த வங்கியும் கனவில்கூடத் தராத வட்டி. சினிமா முகங்கள் டிவியில் வந்து சொன்னார்கள். பத்திரிகைகளும் விளம்பரத்தை வாங்கிப் போட்டன. அதைப் பார்த்துச் சின்னச் சின்னக் கம்பெனிகள் பல முளைத்தன. நான் கட்டியது அப்படி ஒன்றில். பெயர் இங்கே வேண்டாம்.

குஞ்சு இறக்கிய அன்று என் அய்யன் பட்டிக்கு வந்தார். மாட்டில் அவரை ஏமாற்ற ஆள் கிடையாது. கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் ஒரு காளையின் வாயைப் பிளந்து, இரண்டு பல்லா நாலு பல்லா என்று பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுக் குளம்பு பார்த்து, அதன்பிறகுதான் விலை பேசத் தரகரின் துண்டுக்குள் கையை விடுவார். செவலையாகப் பிறந்த கன்று எப்போது மயிலையாக மாறும் என்று நாள் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுசர் அந்தக் கோடு போட்ட குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்ப்பதற்கு அவருக்குத் தெரிந்த அடையாளம் எதுவும் அதில் இல்லை. கம்பெனிக்காரப் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங் தம்பி, இதை எந்தச் சந்தையில விக்கறது?"

"நீங்க எங்கயும் அலைய வேண்டாமுங்க. நாங்களே வாங்கிக்குவோம்."

அய்யன் தலையை ஆட்டினார். பையன் போனபிறகு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு அவன் வேண்டாம்னு சொன்னா, துண்டுக்குள்ள கை குடுக்க வேற எவன் இருக்கறான்?" எனக்கு எரிச்சலாக இருந்தது. எண்ணெய்க்கு எடுப்பார்கள், தோலுக்கு எடுப்பார்கள், இறகுக்கு எடுப்பார்கள் என்று கம்பெனி கொடுத்த வண்ணப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். எடுக்கிற ஆளை ஒருவரையாவது பார்த்திருக்கிறேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பேராசை பெருநட்டம் என்று எங்களைப் பற்றி அப்போது எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மழையை நம்பிய பூமி இது. ஆயிரம் அடி போர் போட்டும் புகை வந்த தோட்டங்கள் உண்டு. பிஏபி வாய்க்கால் தண்ணீரும் முறை வைத்துத்தான் வரும். விவசாயி வாழ்நாளில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கையில் வாங்கியதில்லை. மாசம் பொறந்தா ஆறாயிரம் என்ற சொல் எங்களை எங்கே பிடித்தது என்பது அதற்காக ஏங்கியவனுக்குத்தான் தெரியும். முதல் எட்டு மாதம் தேதி தவறாமல் பணம் வந்தது. புதிதாகச் சேர்கிறவர் கட்டுவதை எடுத்துத்தான் பழையவருக்குக் கொடுக்கிறார்கள் என்பது வாங்குகிற கைக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது என் நட்டம். அதை நான் எப்போதோ செரித்துவிட்டேன். செரிக்காதது வேறு.

ஆள் சேர்த்தால் ஒருவருக்கு ஐயாயிரம் கமிஷன். வெள்ளகோவில் பக்கத்தில் என் அத்தை இருக்கிறார். மாமா இறந்தபிறகு வந்த இன்சூரன்ஸ் பணமும் எருமை இரண்டை விற்ற காசும் அவரிடம் இருந்தது. ஒரு சீர் வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன். "நீ சொன்னாச் சரிதான் கண்ணு" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அத்தையிடம் தோட்டம் இல்லாததால், பறவையைக் கம்பெனியே தன் பண்ணையில் வளர்த்துக்கொள்ளும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். கமிஷன் பணத்தில் மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். அத்தை தன் ஆறு பறவைகளைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. ஃபோன் பண்ணும்போதெல்லாம், "என்ர கோழியெல்லாம் எப்படிக் கண்ணு இருக்குது?" என்று கேட்பார். நல்லா இருக்குதுங்க அத்தை என்பேன். நானும் பார்த்ததில்லை.

2012 ஆகஸ்டில் சுசி விழுந்தது. நிர்வாகி எம்.எஸ். குரு கைதானார். அந்த மாதமே மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கதவைப் பூட்டின. தீவனம் போட ஆளில்லாமல் பண்ணைகளில் பறவைகள் செத்தன. கால்நடைத் துறையினர் போய்த் தீனி போட்டதை டிவியில் காட்டினார்கள். அன்று இரவு அத்தை கூப்பிட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என்ர கோழிகளுக்கு ஆரு கண்ணு தீனி போடுவாங்க?" என்றார்.

எங்கள் பட்டியில் ஆறில் நான்கு மிஞ்சின. கம்பெனித் தீவனம் நின்றபிறகு கீரையும் தவிடும் போட்டுப் பார்த்தோம். கார்த்திகையில் பெட்டை முட்டையிட்டது, கரும்பச்சை நிறத்தில், கைக்கு அடங்காத கனம். ஈமுவில் அடைகாப்பது ஆண்தான். எட்டு வாரம்போல அது தின்னாமல் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே பசியில் எலும்பு துருத்திக்கொண்டிருந்த பறவை அப்படிப் போய் உட்கார்ந்தது. முட்டையை மட்டும் மெல்லப் புரட்டிக்கொடுக்கும். ராத்திரியில் பெட்டை தொண்டைப்பையிலிருந்து உறுமும். எங்கோ தூரத்தில் பறை அடிப்பதுபோல் கேட்கும். அந்தச் சத்தத்தில் அய்யன் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். நான் சொன்னேனல்லவா என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கறிக்கு விலை பேச வந்த ஒரே ஒருவர் சொன்ன விலை நாட்டுக்கோழியில் பாதிகூட இல்லை.

புகார் கொடுக்க நான் ஒரு வருடம் போகவில்லை. வரிசையில் நிற்கும்போது நான் சேர்த்துவிட்டவர்கள் கண்ணில் படுவார்களே என்ற கூச்சம். சொந்தத்தில் சேர்த்துவிட்ட எல்லோருக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஏமாற்றியவனுக்கு எங்கள் மௌனத்தைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. அந்தக் கூச்சம் தப்பு என்று இப்போது அழுத்திச் சொல்கிறேன். முதலீட்டாளர் பணத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தால் கம்பெனியின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் கட்டியவர்களுக்குப் பகிர்ந்து தர வழி இருக்கிறது. அதற்குக் கோவையில் தனி நீதிமன்றமே உண்டு. அங்கேதான் குருவுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். ஆனால் புகாரே கொடுக்காதவன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? பாண்டு பத்திரமும் பணம் கட்டிய ரசீதும் டிரங்குப் பெட்டியில் கிடந்து மட்கினால் யாருக்கு லாபம்?

தீர்ப்பு வரக் காலமாகும் என்பதும் உண்மை. பக்கத்துத் திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 2008, 2009இல் திரட்டிய பணம் 930 கோடி. சிபிஐ விசாரித்த அந்த வழக்கில் 27 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2022இல். கட்டியவர்களில் பலர் அதற்குள் முதுமையைத் தொட்டுவிட்டார்கள்.

அய்யன் இப்போது இல்லை. போன மாதம் பங்காளி வீட்டுப் பையன் ஃபோனை நீட்டி, ஷேர் டிரேடிங் குரூப்பில் தனக்கு வந்த லாபத்தைக் காட்டினான். திரையில் நாலு லட்சம் பச்சை எழுத்தில் மின்னியது. அதில் பத்தாயிரத்தை இப்போதே உன் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவா பார்க்கலாம் என்றேன். எடுப்பதற்கு முன்னால் வரி கட்டவேண்டுமாம், அதுவும் அவர்களிடமே. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வைத்தேன். பணம் போன சூட்டோடு கூப்பிட்டால்தான் அது கைமாறும் கணக்குகளை முடக்க முடியும். அவன் கட்டியதில் கடைசியாகப் போன கொஞ்சம் பிடிபட்டது. வீட்டில் சொல்லவேண்டாம் என்று அழுதான். நானே அவன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அத்தைக்கு நான் பணத்தைத் தவணையாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். முதல் தவணையாகக் கொண்டுபோனது அந்தக் கமிஷன் ஐயாயிரத்துக்கு ஈடான பணத்தைத்தான். அது எதன் பணம் என்றும் சொன்னேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

"உங்க தோட்டத்துல அந்தச் சேவல் அடை உக்காந்துதே, குஞ்சு பொரிச்சுதா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."