‘ஒன்றுமில்லை’ என்னும் தீர்ப்பு

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. இரத்தமும் மலமும் பரிசோதிக்கப்பட்டுவிட்டன. அறிக்கைகளைப் புரட்டிய மருத்துவர், “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்கிறார். மறுநாள் காலையிலும் வயிறு அதேபோல் முறுக்குகிறது. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நோயைவிடக் கொடியது இந்த ‘ஒன்றுமில்லை’தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரிசோதனையில் அகப்படாதது இல்லாததாகிவிடுமா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். 2000 மே மாதம் அதன் குடிநீரில் நோய்க்கிருமிகள் கலந்தன. 7 பேர் இறந்தனர். 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 8 ஆண்டுகள் கழிந்த பின்னும், அன்று நோயுற்றவர்களிடம் இக்குடற்கோளாறு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். கிருமி போய்விட்டது; அது விட்டுச்சென்ற தடம் போகவில்லை. இதை மனப்பிரமை என்று யார் சொல்லத் துணிவார்?

குடற்சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையுடன் ஓயாமல் உரையாடுகின்றன. அவ்வுரையாடல் பிசகும்போது இயல்பான வாயுவும் வலியாக உணரப்படுகிறது. குடலின் அசைவு விரைகிறது அல்லது மந்தமாகிறது. 2016இல் வெளியான ரோம் 4 வரையறை, இதைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டக் கோளாறுகளில் ஒன்றாக வகைப்படுத்தியது. அச்சத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்லும் மொழிக்கு இது புதுச் செய்தியன்று. ஆயினும் அதே மொழியில்தான் “எல்லாம் மனசுதான்” என்று தட்டிக் கழிக்கிறோம். மனக்கலக்கம் வலியைக் கூட்டலாம். அதனால் வலி பொய்யாகிவிடாது.

இரத்தப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைத் தேடிப் பார்ப்பது அவசியம். அவை இல்லையெனில் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதில்லை. வெங்காயம், பூண்டு, பால் போன்றவற்றிலுள்ள, குடலில் நொதிக்கும் சர்க்கரைகளைச் சிலகாலம் குறைத்து, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் உணவுமுறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்தனர். பலருக்கு அது பயன்படுகிறது. மருந்துகளும் உளவியல் சிகிச்சைகளும் உண்டு.

கழிப்பறை இருக்குமா என்று விசாரித்தே பேருந்து ஏறுபவரும், பந்தியில் இலைமுன் தயங்குபவரும் கேட்பது பரிதாபத்தை அல்ல. “ஆபத்தில்லை, ஆனால் உங்கள் வலி உண்மையானது, அதற்கொரு பெயருண்டு” என்ற சொற்களையே. மருத்துவம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.