அழைப்புக்கு விடையளித்த ஆர்கன்

பாரிசு மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தை நாம் அறிவோம். அதன் ஆர்கனை இசைக்கும் ஒலிவியே லாத்ரியை அறிந்தோர் நம்மில் சிலரே. 1962-இல் பிறந்த அவர், பார்வையற்ற இசைமேதை காஸ்தோன் லித்தேசிடம் பயின்று, 1985-இல் தம் 23-ஆம் வயதிலேயே அப்பொறுப்பை ஏற்றார். பல நாடுகளின் அரங்குகளில் பாக் முதலியோரின் படைப்புகளை வாசித்தார். கத்தோலிக்க விசுவாசத்தை இசையாய் வடித்த மெசியானின் ஆர்கன் படைப்புகள் அனைத்தையும் கச்சேரிகளில் இசைத்து, ஒலிப்பதிவும் செய்தார்.

2019 ஏப்ரல் 15-இல் பேராலயம் தீப்பற்றியது. ஏறத்தாழ 8,000 குழல்கள் கொண்ட பெரிய ஆர்கன் எரியவில்லை; எனினும் ஈயத்தூசி படிந்து ஊமையாயிற்று. அதைக் கழற்றித் துலக்கி, மீண்டும் பொருத்திச் சுருதி சேர்க்க ஆண்டுகள் பல சென்றன. 2024 டிசம்பர் 7-இல் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, பேராயர் எட்டு முறை ஆர்கனை அழைத்தார். எட்டு முறையும் அது விடையளித்தது. லாத்ரியும் உடன் இசைஞர்களும் முறைவைத்து வாசித்த அவ்விடைகள் எந்த ஏட்டிலும் எழுதப்படாதவை, அந்நேரமே பிறந்தவை.

கச்சேரியில் இசைஞர் தொடங்க, மக்கள் செவிசாய்க்கின்றனர். ஆலயத்திலோ முதலில் செவிசாய்க்க வேண்டியவர் இசைஞரே. உலகப் புகழ் பெற்றவரும் அழைப்புக்குக் காத்திருந்தே வாசித்தார் என்பதை, திருப்பலியில் இசை ஒலிக்கும்போதெல்லாம் நாம் நினைவிற் கொள்வோமாக.