சூடாத பூவின் மணம்

வெண்மலர் வாசனைத் திரவியங்களை அயல்நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் நம் இலக்கிய நண்பர்களிடையே பலர். மல்லிகையும் சம்பங்கியும் தெருமுனையில் முழம் போட்டு விற்கப்படும் ஊரில், அவற்றின் மணத்தைக் கண்ணாடிக் குப்பியில் வாங்கி அணிவானேன் என்பது அவர்களது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு முழம் பூவை யார் யார் சூடலாம் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் சில செய்திகள். மல்லிகை, சம்பங்கி, ஆரஞ்சுப்பூ முதலியவற்றின் மணங்களையே மேலைநாட்டார் வெண்மலர் வகை என்கின்றனர். 1948இல் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி உருவாக்கிய ‘ஃபிராக்கா’ சம்பங்கியை நடுநாயகமாகக் கொண்டது. இன்றும் அவ்வகைக்கு முன்மாதிரியாகப் பேசப்படுவது. இத்தகைய திரவியங்களுக்கான மல்லிகைச் சாறு தமிழ்நாட்டிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. ஒரு டன் பூவிலிருந்து கரைப்பானைக் கொண்டு எடுக்கும் மெழுகு போன்ற சாறு ஏறத்தாழ 3 கிலோதான் தேறும். ஆக, அயல்நாட்டுக் குப்பி என்று நாம் இகழ்வதற்குள் நம்மூர் வயலும், விடியுமுன் மொட்டுப் பறித்த கைகளும் இருக்கக்கூடும்.

இம்மலர்களில் இண்டோல் என்றொரு சேர்மம் உண்டு. செறிந்திருந்தால் முகம் சுளிக்க வைக்கும். மிகவும் நீர்த்திருந்தால் பூவாக மணக்கும். மல்லிகையின் கிறக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். இந்த இருமை தமிழுக்குப் புதிதன்று. ‘நாற்றம்’ என்ற சொல் திருக்குறளில் மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்தைக் குறிக்கிறது. இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம்.

சித்திரை வெயிலில் இத்தகைய திரவியத்தை அணிந்து ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயிலேறுபவர் இதை நன்கறிவார். உடற்சூட்டில் மணம் விரைந்தெழும். நெரிசலில் அது ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இராது. சம்பங்கியாயின், பக்கத்திலிருப்பவருக்குக் கல்யாண மாலையும் நினைவுக்கு வரலாம், சாவு வீட்டு மாலையும் வரலாம். இரண்டு சொட்டுக்கு மேல் இடுவது சகபயணிக்கு இழைக்கும் அநீதி என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

நிற்க. தலையில் சூடிய பூ நம்மிடையே மணம் மட்டுமன்று, ஓர் அறிவிப்பு. கணவன் உள்ளவள் என்பதை ஊருக்குச் சொல்வது. ஆகவேதான் கணவனை இழந்தவளிடமிருந்து அது பறிக்கப்பட்டது. பூக்காரம்மாவின் கூடை அவள் வாசலைத் தாண்டிப் போகிறது. சிறுமியாக இருந்த நாள் முதல் அவள் சூடிய மணம் ஒரே நாளில் அவளுக்கு விலக்காகிறது. அவள் மணிக்கட்டில் இட்டுக்கொள்ளும் ஒரு சொட்டுத் திரவியத்தை எந்தச் சாத்திரமும் கண்ணால் கண்டு தடுக்க இயலாது. இதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆண்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அத்தர் அணியும் இசுலாமிய நண்பர்கள் மல்லிகையைத் தயக்கமின்றி அணிகின்றனர். மற்றவர்களோ அதைப் ‘பொம்பளை வாசனை’ என்று நாணுகின்றனர். இத்தனைக்கும் நம் பக்கத்துப் பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்று பூவையே பெயரில் தாங்கிய ஊர். பதினோராம் நூற்றாண்டில் அங்கே பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்குப் பூத்தொண்டு புரிந்தவர் என்கிறது வைணவ மரபு. பூவும் அதன் மணமும் ஓர் ஆடவரின் வாழ்நாள் பணியாக இருந்த ஊரில், ஓர் ஆண் மல்லிகையாய் மணப்பதில் என்ன இழுக்கு?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குப்பியில் கிடைத்துவிட்டதே என்று நாம் நிறைவடைந்துவிடலாகாது. ஒளித்து அணிய வேண்டிய மணம் சலுகையே அன்றி உரிமையாகாது. திரவியத்தை அணிபவரை ஏளனம் செய்யும் நண்பர்கள், அந்த நேரத்தில் தம் வீட்டு விசேடத்தில் தாம்பூலத் தட்டோடு பூவும் நீட்டப்படாமல் ஒதுங்கி நிற்பவர் யார் என்று பார்க்கட்டும். அவருக்கு ஒரு முழம் மல்லிகையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு குப்பியைக் குறை கூறட்டும், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.