புத்தகத்துக்கு ஒரு பேரேடு



சங்க இதழில் எழுதுவதென்றால் வரி விவகாரம், சரக்கு நிலவரம், வாடகை உயர்வு இவற்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். நானும் முன்பு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இம்முறை புத்தகம் படித்த கதையைச் சொல்லப் போகிறேன். கடையில் வியாபாரம் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று யாரும் சிரிக்க வேண்டாம். குறைந்திருப்பது உண்மைதான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். 1976ல் பரீட்சை எழுதிவிட்டு மறுவாரமே அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் எல்லாமே காகிதப் பொட்டலம். பழைய பேப்பரும் பழைய புத்தகமும் எடைக்கு வாங்கிப் போட்டிருப்போம். வெல்லத்துக்கும் புளிக்கும் தினத்தாள், சீரகத்துக்கும் மிளகுக்கும் வாரப்பத்திரிகைத் தாள். கிழிப்பதற்கு முன் அதைப் படித்துவிடுவது என் வழக்கம். தொடர்கதையில் ஆறாவது வாரம் கைக்குக் கிடைக்கும். ஏழாவது வாரம் யார் வீட்டு ரசத்துக்குப் போயிற்றோ! முடிவு தெரியாத கதைகள் இன்றும் என் தலையில் பத்துப் பதினைந்து கிடக்கின்றன. அட்டை போன புத்தகங்கள் எத்தனையை நம் கையாலேயே கிழித்து மிளகாய் கட்டியிருப்போம்! மளிகைக் கடைக்காரனுக்குப் புத்தகத்தோடு அப்படியொரு பழைய பாக்கி உண்டு.

2024 பொங்கல் கழிந்ததும் புதுப் பேரேடு போடும்போது, ஒரு பக்கத்தைத் தனியாக ஒதுக்கி, தலைப்பில் 'இவ்வருடம் புத்தகம் 12' என்று எழுதினேன். மாதம் ஒன்று. தேதி, புத்தகத்தின் பெயர், பக்கம் என்று மூன்று கலம். பையன் பார்த்துவிட்டு, "அப்பா, இதற்கும் டார்கெட்டா?" என்றான். கம்பெனிக்காரன் நமக்கு டார்கெட் வைக்கிறான், நமக்கு நாமே ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?

முதல் புத்தகம், சீக்கிரம் பணக்காரன் ஆவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர் எழுதியதன் தமிழாக்கம். நண்பர் கொடுத்தார். நான்கு நாளில் முடித்தேன். கடன் வாங்கிப் போன சில்லறைக் கடைக்காரரிடம் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

அடுத்து பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்'. இரண்டாவது நாவல் 1995ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இவற்றுக்கு ஆதாரம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை நம் ஆள், அதாவது வணிகர். கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர், சொந்தத்தில் கப்பல் வைத்திருந்தவர். 1736ல் தொடங்கி 1761ல் தாம் இறக்கும் ஆண்டு வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்ததையும் சரக்கையும் எழுதிய அதே கையால், ஊரில் யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள், யார் வீட்டில் என்ன கல்யாணம், கோட்டையில் என்ன சூழ்ச்சி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். நானும் நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தினமும் எழுதுகிறேன். என் நோட்டில் துவரம் பருப்பு விலை இருக்கிறது. அன்றைக்கு விருத்தாசலம் எப்படி இருந்தது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இது எனக்கு உறைத்தது.

கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'யும் படித்தேன். நம் வட்டாரத்துக்காரர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். நாம் ரசீதில் நிலக்கடலை என்று எழுதிவிட்டு வாயால் மல்லாட்டை என்கிறோமே, அந்த மாதிரி நடுநாட்டுப் பேச்சுக்கெல்லாம் அகராதி தொகுத்தவரும் இவர்தான். பஸ்களை ஓட்டுகிற, பழுது பார்க்கிற தற்காலிகத் தொழிலாளர்களின் பாடு இந்த நாவல். லோடு இறக்க வரும் லாரி டிரைவரை விரட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. படித்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் என் கடைப் பையன்களே சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் கணக்கு தடுமாறியது. காரணம் 'செல்லாத பணம்'. எழுதியவர் இமையம்; பள்ளி ஆசிரியராக இருந்தவர், நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 2018ல் வந்த நாவல், 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சில வருடங்களுக்கு முன் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் இதை வாங்கினேன். விருதுக்காக வாங்கவில்லை. தலைப்பைப் பார்த்ததும் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, நாமெல்லாம் பாங்க் வாசலில் நின்றோமே, அந்தக் கதை என்று நினைத்து வாங்கிவிட்டேன். பீரோவிலேயே கிடந்தது.

எடுத்துப் படித்தால் விஷயம் வேறு. இன்ஜினீயரிங் படித்த பெண், ஆட்டோ ஓட்டுபவனை விரும்பி, பெற்றவர்களுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் வெந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அப்பா ஹெட்மாஸ்டர். கையில் பணம் இருக்கிறது. எவ்வளவு ஆனாலும் கட்டுகிறோம் என்கிறார்கள். அந்த வாசலில் அந்தப் பணம் செல்லவில்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. மூடி வைப்பேன், கடைக்குப் போவேன். கல்லாவில் நோட்டு எண்ணும்போது அந்த அப்பா ஞாபகம் வருவார்.

இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே, எழுதுகிறேன். என் மகளும் எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். வேறு சமூகம். கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூன்று வருடமாக அவளோடு நான் பேசவில்லை. என் மனைவி பேசுவது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், கடவுள் புண்ணியத்தில். ஆனால் நன்றாக இல்லையென்றால் என்னிடம் சொல்லியிருப்பாளா? அந்த வழியை நானல்லவா அடைத்து வைத்திருந்தேன்!

புத்தகத்தை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. முடித்த மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்தேன். இரண்டு நிமிடம் பேசியிருப்போம். மழை பெய்கிறதா என்று கேட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். வேறொன்றும் பெரிதாகப் பேசவில்லை. மாப்பிள்ளையோடு இன்னும் பேசவில்லை.

டிசம்பர் வந்தது. கணக்கில் ஐந்து. 12ஐ நெருங்க வேண்டுமே என்று இரண்டு மெல்லிய புத்தகங்களை எடுத்து ஓட்டிவிட்டேன். அவற்றில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆக மொத்தம் ஏழு. ஒரு மூட்டை உப்பையும் ஒரு கிலோ ஏலக்காயையும் ஒரே தராசில் வைத்து எது பெரிது என்று எந்த வியாபாரியும் பார்க்க மாட்டான். புத்தகத்தில் மட்டும் அந்தத் தப்பைச் செய்தேன். பேரேட்டில் 'பக்கம்' என்ற கலத்தை அடித்துவிட்டு, 'என்ன செய்தது' என்று மாற்றியிருக்கிறேன். பல வரிகளுக்கு எதிரே அந்தக் கலம் காலிதான்.

அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்குச் சாத்துகிற நமக்கு, ஒரு எண்ணை எழுதி வைக்காவிட்டால் முதல் புத்தகமே கைக்கு வராது. நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கல்லாவில் உட்கார்ந்து செல்போனில் நாம் பார்ப்பதெல்லாம் என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

காசும் ஒரு சாக்கல்ல. 1948ல் நம் மாகாணத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். கடைக்கும் குடோனுக்கும் வருடா வருடம் கட்டிவிட்டு, நூலகத்தின் உள்ளே எத்தனை பேர் போயிருக்கிறோம்? சரக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு, சரக்கை எடுக்காமலே விடுகிற ஏற்பாடு இது. வேறு எந்த வரியானாலும் இந்நேரம் தீர்மானம் போட்டிருப்போம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் பழைய மகஜர்கள் அடுக்கிய பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள். நான் படித்த ஏழில் ஆறை அங்கே வைத்துவிடுகிறேன். 'செல்லாத பணம்' மட்டும் தற்சமயம் என்னிடம் இல்லை. மகள் கேட்டாள், பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.