உறையில் எழுதிய ‘சா.பி.’

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் மருந்துகள் போதிய அளவு இருப்பில் உள்ளன என்று அதிகாரிகள் சொல்வதை உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறேன். இருப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை. என் மனைவியின் ரத்தப் புற்றுநோய்க்கு இலவச மாத்திரை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்த மாத்திரையைப் போட்டுக் கொடுத்த காகித உறையில் இருந்த இரண்டு எழுத்து, இந்த ஆவணியில் அவளை என்னிடமிருந்து பறித்திருக்கும். ‘சா.பி.’ சாப்பிட்ட பின்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலி வேலை பார்க்கிறோம். நான் தறி ஓட்டுகிறேன், அவள் தார் சுற்றுகிறாள். அவளுக்கு வந்திருப்பது சி.எம்.எல். என்கிற நாள்பட்ட வகை. ஆயுசுக்கும் மாத்திரையோடு வாழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு வருடம் இமாட்டினிப் சாப்பிட்டாள். கண்ணைச் சுற்றி வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரில் போட வேண்டிய மாத்திரை அது. ஆனி மாதப் பரிசோதனையில் நோய் அதற்குக் கட்டுப்படவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் நிலோட்டினிப்புக்கு மாற்றினார்.

நோய் ஒன்றுதான், ஆனால் இரண்டு மாத்திரைக்கும் பத்தியம் நேர் எதிர். நிலோட்டினிப்பை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. கொழுப்பான சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் இதைப் போட்டால், உடம்பில் ஏறும் மருந்து 82 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் மருந்து இதயத்தின் மின்னோட்டத்தைக் கெடுக்கிறது. ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்கு இதயம் தயாராக எடுக்கும் நேரத்தை ஈ.சி.ஜி. தாளில் கியூ.டி. என்று குறிக்கிறார்கள். அது நீண்டுகொண்டே போனால் துடிப்பு தாளம் தப்பி, ஆள் நின்ற இடத்திலேயே விழுந்து சாகலாம். 2007இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தபோதே கட்டம் கட்டி அச்சடித்த எச்சரிக்கை இது.

எங்களிடம் இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் பட்டையைப் பெட்டியிலிருந்து உருவி உறையில் போட்டு, மேலே ‘2-0-2, சா.பி.’ என்று கிறுக்கித் தந்தார்கள். பழைய மாத்திரைக்கு எழுதிப் பழகிய கை புதியதற்கும் அதையே எழுதிவிட்டது. என் மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆடித்தபசுத் திருவிழா அன்று அவள் விரதம். சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாதே என்று காலை மாத்திரையைத் தள்ளிவைத்து, கோமதி அம்மனுக்குச் சுவாமி தபசுக் காட்சி கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டாள். இத்தனை நாளில் அந்த ஒரு பகல்தான் அவள் வயிறு அந்த மருந்துக்குச் சரியாக இருந்தது. அன்றைக்கும் ‘சா.பி.’ விடவில்லை. நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பிரியாணி வாங்கி வந்தான். எங்கள் ஊர் மட்டன் பிரியாணியைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி அதைச் சாப்பிட்டுவிட்டு, எழுதியிருந்தபடி இரண்டு மாத்திரை. மறுநாள் காலை இட்லிக்குப் பின் இரண்டு. பத்து மணிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவள், “ஏங்க, நெஞ்சு தடதடன்னு அடிக்கு, கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்றாள். நான் தறியை நிறுத்துவதற்குள் சரிந்துவிட்டாள். ஓடுகிற தறிப்பக்கம் விழாதது அந்தக் கோமதி அம்மன் புண்ணியம்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். கியூ.டி. 500 மில்லி விநாடியைத் தாண்டியிருந்தது. 480ஐத் தாண்டினாலே இந்த மாத்திரையை நிறுத்திவைத்து, ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்க்க வேண்டுமாம். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது மாத்திரை போட்டீர்கள் என்று முதலில் கேட்டவர் அவர்தான். அடுத்து, “மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எடுத்த ஈ.சி.ஜி.யைக் கொடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. ஆரம்பிக்கும் முன் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று, பிறகு அவ்வப்போது என்று ஈ.சி.ஜி. எடுப்பது இந்த மருந்துக்கு எழுதப்பட்ட முறை. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால், இவள் இதயம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு இன்று எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை.

மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அந்த உறையை எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்த இடத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த தம்பி, “எல்லா மாத்திரைக்கும் அப்படித்தான்ணே எழுதுவோம்” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே அழைத்துப் பேசிய அதிகாரி சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: “வெளியில வாங்குனா எவ்வளவு ஆகும் தெரியுமா? இலவசமாத் தர்ற மாத்திரைக்கு இவ்வளவு கேள்வியா?”

ஆமாம், கேள்விதான். இலவசமாக வாங்குகிறவன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நாங்கள் கட்டும் வரியில் வாங்கிய மாத்திரை அது. இந்த நோய்க்கான மருந்து ஏழைக்கு எட்டியதே ஒரு பெரிய போராட்டத்தில்தான். இமாட்டினிப்பின் காப்புரிமை மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் தள்ளுபடி செய்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி விடாமல் வழக்காடியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாதம் 1 லட்சத்துக்கு மேல் விற்ற மருந்தை இந்தியக் கம்பெனிகள் 10,000 ரூபாய்க்குள் கொடுக்க முடிந்தது. புற்றுநோயாளிகளின் சங்கமே அந்த வழக்கில் நின்றது. நோயாளிகள் டெல்லிவரை போய் வாங்கிக் கொடுத்த உரிமையை, ஒரு அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் தர்மமாகச் சொல்லிக்காட்டுகிறார்.

கூட்டம் அதிகம், ஒவ்வொருவருக்கும் விளக்க நேரமில்லை என்கிறார்கள். ‘சா.பி.’ எழுதும் நேரத்தில் ‘வெறும் வயிறு’ என்று எழுதலாம். பக்க விளைவைச் சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவாராம். என் மனைவி மயங்கி விழுந்த பிறகுதான் முதன்முறையாக, “இந்த மாத்திரையே வேண்டாங்க” என்று அழுதாள். பெட்டிக்குள் விவரத்தாள் இருக்கிறதே என்கிறார்கள். பெட்டி எங்கள் கைக்கு வருவதில்லை. வந்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இதே நோய்க்குக் கொடுக்கும் டாசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும், நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தத்தை ஏற்றும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் சிவப்பு மருந்துகள் பல வருடம் கழித்துக்கூட இதயத் தசையைத் தளர்த்தலாம், அதற்கு எக்கோ பார்த்துக்கொண்டே வர வேண்டும். நிலோட்டினிப்போடு காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் கியூ.டி. மேலும் நீளலாம். இதையெல்லாம் தறிக்கூடத்தில் இருக்கும் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

மருந்தால் வரும் கோளாறை நோயாளியே தெரிவிக்க மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு படிவம் உண்டு, தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரியில் படிவத்தைக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அளவைக் குறைத்து அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம். விடியற்காலை ஐந்துக்கு அலாரம் வைத்து எழுப்பி நான் கொடுக்கிறேன். ஆறு மணிக்குப் பிறகுதான் காப்பிகூட. ஈ.சி.ஜி. தாள்களை ரேஷன் கார்டோடு ஒரே பையில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஜன்னலில் இருக்கும் அந்தத் தம்பியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள். சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான்: நிலோட்டினிப் உறையில் ‘வெறும் வயிறு’ என்று தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். ஈ.சி.ஜி. எடுக்காமல் முதல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அந்த உறையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அடுத்த மாத மாத்திரைக்காக அதே ஜன்னலில் நிற்போம். இந்தத் தடவை உறையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
விசைத்தறித் தொழிலாளி ஒருவர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.